வெளிநாடு கிளம்பும் முன் அந்த ஊர் வழக்கத்தைத் தெரிந்துகொள்வது எப்படி: தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஓசூர் கம்பெனியில் வேலை பார்க்கும் பையனை மூன்று மாதப் பயிற்சிக்கு ஜப்பான் அனுப்புகிறார்கள். காவேரிப்பட்டணத்து அம்மா மகளின் பிரசவத்துக்கு அமெரிக்கா கிளம்புகிறார். பென்னாகரத்து இளைஞருக்குத் துபாயில் டிரைவர் வேலைக்கு விசா வந்துவிட்டது. ஊத்தங்கரையில் நான்கு குடும்பங்கள் சேர்ந்து தாய்லாந்து பேக்கேஜ் போட்டிருக்கிறார்கள். இந்த வீடுகளில் எல்லாம் பேச்சு எதைப் பற்றி? பாஸ்போர்ட், டிக்கெட், பெங்களூரு டிராஃபிக்கைத் தாண்டி தேவனஹள்ளி விமான நிலையம் போய்ச் சேர எத்தனை மணிக்குக் கார் எடுப்பது, ஊறுகாயை எப்படிக் கட்டுவது. போகிற ஊரில் மனிதர்களோடு எப்படிப் பழகுவது என்று மட்டும் யாரும் உட்கார்ந்து பேசுவதில்லை.

நம் ஆட்கள் மரியாதை தெரியாதவர்கள் இல்லை. வீட்டுக்கு வந்தவர் யாராக இருந்தாலும் தண்ணீர் கொடுத்த பிறகுதான் வந்த விஷயத்தையே கேட்பார்கள். ஆனால் நம் மனதில் இருக்கும் மரியாதை எதிரில் நிற்பவர் கண்ணுக்கும் மரியாதையாகத் தெரிந்தால்தான் அதற்குப் பலன். அக்கறையோடு நாம் கேட்கும் கேள்வி ஓர் ஊரில் துருவலாகப் படுகிறது. பாசத்தோடு ஒரு குழந்தையின் தலையைத் தடவுவது இன்னோர் ஊரில் அதன் பெற்றோரைச் சங்கடப்படுத்துகிறது. இந்த வழிகாட்டி முழுக்க இந்த ஒரு விஷயத்தைப் பற்றித்தான்.

நமக்கு ஒரு நல்ல பழக்கம் ஏற்கெனவே உண்டு. தேன்கனிக்கோட்டை சந்தையில் ஒரே ஆள் ஒரு கடையில் தெலுங்கிலும், அடுத்த கடையில் கன்னடத்திலும், வண்டிக்காரரிடம் தமிழிலும் பேசிவிட்டு வருவார். ஆளைப் பார்த்துப் பேச்சை மாற்றிக்கொள்வது எல்லை மாவட்டத்துக்காரர்களுக்குக் கைவந்த கலை. அதையே கொஞ்சம் தூரம் கொண்டுபோகப் போகிறோம், அவ்வளவுதான்.

முதல் படி: யார் நடுவில் இருக்கப் போகிறீர்கள் என்று பாருங்கள்

"ஜப்பான் போகிறேன்" என்பது போதாது. ஃபேக்டரியில் வேலையா, ஹோட்டலில் தங்கிச் சுற்றிப் பார்ப்பதா, யார் வீட்டிலாவது விருந்தாளியா? வளைகுடாவில் வேலைக்குப் போகிறவருக்கு முதலாளி குடும்பத்தின் வழக்கமும் ரம்ஜான் மாத நடைமுறையும் தெரிய வேண்டும். டூர் போகிறவருக்குக் கோயில், கடைவீதி, ரயில் ஒழுங்கு தெரிந்தால் பெரும்பாலும் போதும். எந்த மாதம் போகிறீர்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பாலித் தீவில் வருடத்துக்கு ஒருமுறை, பெரும்பாலும் மார்ச்சில், நியேபி என்ற மௌன நாள் வரும். அன்று 24 மணி நேரம் விமான நிலையமே மூடியிருக்கும். சுற்றுலாப் பயணிகளும் விடுதியை விட்டு வெளியே வரக் கூடாது. இது தெரியாமல் அன்றைக்கு டிக்கெட் தேடுவதில் பயனில்லை.

இரண்டாம் படி: சட்டமாகவே இருக்கும் வழக்கங்களை முதலில் படியுங்கள்

சாப்பாட்டு மேசையில் தவறினால் சிரித்து விட்டுவிடுவார்கள். சில விஷயங்களில் அப்படி விட மாட்டார்கள். அதனால் படிப்பதை இங்கிருந்து ஆரம்பியுங்கள்.

கசகசாவை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அது நம் சமையலறையிலிருந்தே பெட்டிக்குள் போகிறது. குருமாவுக்கு ஆகும் என்று அம்மா ஒரு சின்னப் பொட்டலம் கட்டி, மிளகாய்த்தூளுக்கும் மல்லித்தூளுக்கும் நடுவில் சொருகிவிடுவார். ஐக்கிய அரபு அமீரகம், சவுதி, சிங்கப்பூர் போன்ற நாடுகளில் அது தடை செய்யப்பட்ட பொருள். அபின் செடியின் விதை என்பதால் போதைப்பொருள் கணக்கில் பார்க்கிறார்கள். அறியாமல் கொண்டுவந்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது. அரைத்த மசாலாவில் கலந்திருந்தாலும் வேண்டாம். அமீரகத்துக்கு வெற்றிலையும் கொண்டுபோகக் கூடாது. வளைகுடா போகிறவர் வீட்டில் பெட்டியைக் கட்டியது யாராக இருந்தாலும் சரி, போகிறவர் ஒருமுறை ஒவ்வொரு பொட்டலமாகத் தன் கையால் பிரித்துப் பார்த்துவிட வேண்டும். தெரிந்தவருக்குக் கொடுக்கச் சொல்லிப் பக்கத்து வீட்டார் தரும் பார்சலுக்கும் இதே விதிதான். பிரித்துக் காட்ட மாட்டேன் என்றால் வாங்காதீர்கள்.

அடுத்து மாத்திரை. கோடின் கலந்த இருமல் மருந்து, டிரமடால் போன்ற வலி மாத்திரை, சில தூக்க மாத்திரைகள் அமீரகத்தில் அனுமதியின்றிக் கொண்டுபோக முடியாதவை. ஜப்பானில் மூக்கடைப்புக்கு நாம் போடும் சில மாத்திரைகளுக்கே தடை உண்டு. டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தை ஒரு மாதத்துக்கு மேல் தேவைப்படும் அளவு ஜப்பான் கொண்டுபோனால் முன்கூட்டியே அனுமதிச் சான்று வாங்க வேண்டும். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரை எடுப்பவர்கள் மருந்துச் சீட்டை, மருந்தின் மூலப்பெயர் தெளிவாகத் தெரியும்படி, ஆங்கிலத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் கொட்டி எடுத்துப் போகாதீர்கள்.

மாம்பழ சீசனில் கிளம்புகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். கிருஷ்ணகிரி அல்போன்சாவைப் பேரன் வாயில் ஊட்ட வேண்டும் என்ற ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் அமெரிக்காவுக்குப் பயணிகள் கையில் மாம்பழம் கொண்டுபோக முடியாது. இந்திய மாம்பழம் அங்கே கதிர்வீச்சு முறையில் பதப்படுத்தி, உரிய சான்றோடு வணிகமாகத்தான் போகிறது. ஆஸ்திரேலியாவில் உணவுப்பொருளை அறிவிக்காமல் கொண்டுபோனால் அபராதம் உண்டு, விசாவையே ரத்து செய்யவும் அவர்களுக்கு அதிகாரம் இருக்கிறது. விமானத்தில் தரும் படிவத்தில் உணவு இருக்கிறதா என்று கேட்டால், ஊறுகாயோ பருப்புப் பொடியோ, "ஆம்" என்று எழுதிவிடுங்கள். எழுதிக் காட்டினால் அதிகபட்சம் வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

சிங்கப்பூரில் 1992 முதல் சூயிங்கம் இறக்குமதிக்குத் தடை. மின்சிகரெட் சிங்கப்பூரிலும் தாய்லாந்திலும் குற்றம். தாய்லாந்தில் அரச குடும்பத்தை இழிவாகப் பேசினால், சமூக வலைத்தளத்தில் எழுதினாலும், ஒரு குற்றத்துக்கு 3 முதல் 15 ஆண்டு வரை சிறை. பறந்து போகும் ரூபாய் நோட்டைக் காலால் மிதித்து நிறுத்துவது நமக்கே பிடிக்காது. அங்கே நோட்டில் அரசர் படம் இருப்பதால் அது இன்னும் பெரிய விஷயம். காலை 8 மணிக்கும் மாலை 6 மணிக்கும் ரயில் நிலையம், பூங்காக்களில் தேசிய கீதம் ஒலிக்கும்போது எல்லாரும் நின்றால் நீங்களும் நில்லுங்கள்.

அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் ஒருவரைத் திட்டுவதும், கேட்காமல் இன்னொருவரைப் படமெடுத்துப் போடுவதும் வழக்காகலாம். ரூம் சண்டையைக் குரூப்பில் கொட்டும் பழக்கம் இருக்கும் தம்பிகள் இதை மனதில் வைக்க வேண்டும்.

மூன்றாம் படி: உடை

இதற்கு அதிகம் யோசிக்க வேண்டாம். தோளும் முழங்காலும் மூடிய ஒரு உடை பெரும்பாலான நாட்டுக் கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் ஒத்துவரும். ரோமில் புனித பேதுரு பேராலயத்திலும் அதேதான் விதி, பாங்காக் அரண்மனையிலும் அதேதான். பெண்கள் கைப்பையில் எப்போதும் ஒரு துப்பட்டா. செருப்பைக் கழற்ற வேண்டி வரும் நாடுகளுக்குக் கிழியாத சாக்ஸ்.

நான்காம் படி: முதல் இரண்டு நாள் பார்த்துப் பழகுங்கள்

இறங்கியவுடன் பேச்சைக் குறைத்துக் கண்ணை அகலத் திறந்து வையுங்கள். வரிசையில் ஆளுக்கு ஆள் எவ்வளவு இடைவெளி விடுகிறார்கள்? லிஃப்டில் பேசுகிறார்களா? கடைக்குள் நுழையும்போது வணக்கம் சொல்கிறார்களா? பிரான்சில் கடைக்காரரிடம் "போன்ழூர்" சொல்லாமல் நேராக விலை கேட்டால் அவருக்கு முகம் மாறிவிடும். ஜெர்மனியில் வண்டியே வராத தெருவிலும் சிவப்பு விளக்குக்கு நின்று காத்திருப்பார்கள், அதுவும் குழந்தைகள் பக்கத்தில் இருந்தால் கண்டிப்பாக நிற்பார்கள். ஜப்பான் ரயிலில் போன் மணி கேட்காது. யாரும் போனில் பேசவும் மாட்டார்கள். நம் டவுன் பஸ்ஸில் வீடியோவைச் சத்தமாக வைத்துப் பார்ப்பதை ஒருவரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அந்தப் பழக்கத்தை விமானத்திலேயே விட்டுவிட வேண்டும், ஹெட்போன் வாங்கிக்கொள்ளுங்கள்.

நம் தலையாட்டலைப் பற்றி ஒரு வார்த்தை. "சரி" என்பதற்கு நாம் தலையை இப்படியும் அப்படியும் சாய்ப்போம். வெளிநாட்டவர் பலருக்கு அது "இல்லை" என்றோ "தெரியவில்லை" என்றோ படும். ஓசூரிலிருந்து பயிற்சிக்குப் போகும் பையன்களுக்கு இது நிஜமான சிக்கல்: மெஷினில் ஒன்றைச் சொல்லிக்கொடுத்துவிட்டு "புரிந்ததா?" என்று கேட்பார்கள், இவர்கள் தலையைச் சாய்ப்பார்கள், அவர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். வாயைத் திறந்து "யெஸ்" என்று சொல்லிவிடுங்கள். புரியாவிட்டால் புரியவில்லை என்றும் சொல்லுங்கள். பெரியவர் முன் எதிர்த்துப் பேசக் கூடாது என்று நாம் சும்மா இருப்பதை அவர்கள் புரிந்துவிட்டது என்றே எடுத்துக்கொள்வார்கள். பிறகு வேலையில் தவறு வந்தால் பொறுப்பு நம் தலையில் விழும்.

மலேசியாவில் ஆளையோ இடத்தையோ ஆள்காட்டி விரலால் சுட்டாமல், விரல்களை மடக்கிக் கட்டைவிரலால் காட்டுவார்கள். தாய்லாந்தில் யார் தலையையும் தொடாதீர்கள், குழந்தையாக இருந்தாலும். பாதம் ஒருவரை நோக்கி நீட்டியபடி இருக்கக் கூடாது. பெரியவர் முன் கால்நீட்டி உட்காராத வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது கஷ்டமே இல்லை.

ஐந்தாம் படி: வாசலும் சாப்பாடும்

மனிதர்கள் நெருங்கிப் பழகுவது இங்கேதான், அதனால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

ஜப்பானிய வீட்டில் கதவைத் திறந்ததும் ஒரு தாழ்வான இடம் இருக்கும். அதற்கு அப்பால் தரை ஒரு படி உயர்ந்திருக்கும். தாழ்வான இடத்தில் செருப்பைக் கழற்றி, சாக்ஸ் காலை அந்த அழுக்குத் தரையில் வைக்காமல், நேராக உயரமான தரையில் வைத்து ஏற வேண்டும். பிறகு குனிந்து, கழற்றிய ஷூவின் முனை வாசலைப் பார்க்கும்படி திருப்பி ஓரமாக வைக்க வேண்டும். வீட்டுக்காரர் உள்ளே போட ஒரு செருப்பு தருவார். பாய் விரித்த அறைக்கு வந்தால் அதையும் கழற்றிவிட வேண்டும். கழிப்பறைக்குத் தனிச் செருப்பு இருக்கும். அதை அங்கேயே விட்டு வர மறக்காதீர்கள். செருப்பை வாசலில் விடுவது நமக்குப் பிறவிப் பழக்கம், ஆனால் நாம் உதறிவிட்டுப் போவோம். திருப்பி வைக்கும் அந்த ஒரு நொடியை வீட்டுக்காரர் கவனிப்பார்.

சாப்பிடும்போது குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி நிறுத்தாதீர்கள். இறந்தவருக்குப் படைக்கும் முறை அது. ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு உணவை மாற்றுவதும் கூடாது, ஏனென்றால் தகனத்துக்குப் பின் எலும்பை எடுப்பது அப்படித்தான். காரணம் தெரிந்தால் இரண்டும் மறக்காது. இதே போல நம் ஊரில் செய்யக் கூடாதவை எத்தனை இருக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள். நூடுல்ஸை உறிஞ்சிச் சாப்பிடுவது அங்கே தப்பில்லை. மூக்கைச் சத்தமாகச் சிந்துவதுதான் அருவருப்பு.

அரபு வீட்டில் கைப்பிடி இல்லாத சின்னக் கோப்பையில் காப்பி தருவார்கள். வலக்கையால் வாங்குங்கள். காலியானதும் மறுபடி ஊற்றுவார்கள், மறுபடியும் ஊற்றுவார்கள். போதும் என்றால் கோப்பையை விரல் நுனியில் பிடித்து இடமும் வலமும் லேசாக ஆட்டித் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதுதான் அடையாளம். முதல் கோப்பையையே வேண்டாம் என்று மறுப்பது நல்லதல்ல. பெரிய தட்டில் எல்லாரும் சேர்ந்து சாப்பிட்டால் வலக்கையால், உங்கள் பக்கத்தில் இருப்பதை மட்டும் எடுங்கள். இடக்கையை நாமும் விலக்குகிறவர்கள் என்பதால் இங்கே நம் ஆட்கள் சங்கடமில்லாமல் பழகிவிடுவார்கள். ரம்ஜான் பகலில் நோன்பு இருப்பவர்கள் முன் தண்ணீர் பாட்டிலைத் திறக்க வேண்டாம். உங்கள் அறைக்குள் சாப்பிடுங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் விருந்துக்கு ஒப்புக்கொள்ளும்போதே சொல்லிவிட வேண்டும். மேசையில் உட்கார்ந்த பிறகு சொன்னால் சமைத்தவர் மனம் நொந்துபோகும். "வெஜிடேரியன்" என்ற சொல் மட்டும் போதாது, மீன் சேராது, மீன் சாறும் சேராது என்று பிரித்துச் சொல்லுங்கள். ஜப்பானில் பெரும்பாலான குழம்புகளுக்கு அடிப்படையே மீன் சாறுதான். மது வேண்டாம் என்றால் சிரித்த முகத்தோடு ஜூஸ் கோப்பையை உயர்த்தினால் போதும், யாரும் வற்புறுத்த மாட்டார்கள். குடிக்கிறவர்களைப் பார்த்து முகத்தைச் சுளிக்கவும் வேண்டாம்.

டிப்ஸ் விஷயம் ஊருக்கு ஊர் நேரெதிர். அமெரிக்காவில் உட்கார்ந்து சாப்பிடும் ஹோட்டலில் பில்லில் 15 முதல் 20 சதவீதம் வைப்பது வழக்கம், பரிமாறுகிறவரின் வருமானமே அதை நம்பித்தான். ஜப்பானில் வைத்தால், மறந்துவிட்டீர்கள் என்று பின்னாலேயே ஓடி வந்து கொடுப்பார்கள். பேரமும் அப்படித்தான். பர்கூர் துணிக்கடையில் பேரம் பேசிய வாய் பாங்காக் சந்தையிலும் துபாய் பழைய கடைவீதியிலும் பேசலாம், டோக்கியோவில் போட்ட விலைதான் விலை.

ஆறாம் படி: வழிபாட்டு இடங்கள்

யாழ்ப்பாணம் நல்லூர் கந்தசுவாமி கோயிலுக்குள் ஆண்கள் மேல்சட்டை இல்லாமல்தான் போக வேண்டும். இலங்கையில் புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று செல்ஃபி எடுக்காதீர்கள். 2012-ல் புத்தர் சிலைக்கு முத்தமிடுவதுபோல் படம் எடுத்த பிரெஞ்சுப் பயணிகள் நீதிமன்றம் வரை போய், நிறுத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனை பெற்றார்கள். தாய்லாந்தில் பெண்கள் புத்த பிக்குவைத் தொடக் கூடாது, பொருள் கொடுப்பதானாலும் கையில் கொடுக்காமல் கீழே வைக்க வேண்டும். பாலியில் வீட்டு வாசலிலும் நடைபாதையிலும் பூ வைத்த சிறு ஓலைத் தட்டுகள் இருக்கும், அன்றாடப் படையல் அது, தாண்டாமல் சுற்றிப் போங்கள். மலேசியாவில் பத்து மலையின் 272 படிகளும் நமக்கு நெருக்கமானவை, ஆனால் அங்கேயும் அரைக்கால் சட்டைக்குக் கட்டுப்பாடு உண்டு.

ஓர் இடத்தில் உள்ளே விடவில்லை என்றால் வாக்குவாதம் வேண்டாம். காட்மாண்டு பசுபதிநாதர் மூலக்கோயிலுக்குள் இந்துக்கள் அல்லாதவர்கள் போக முடியாது, மெக்காவுக்குள் முஸ்லிம் அல்லாதவர்கள் போக முடியாது. அந்த எல்லையை வெளியில் நின்று ஏற்றுக்கொள்வதும் வழிபாட்டில் சேர்ந்ததுதான் என்று நான் நினைக்கிறேன்.

ஏழாம் படி: படமும் பேச்சும்

ஆளைப் படமெடுக்கும் முன் போனைத் தூக்கிக் காட்டிக் கண்ணாலேயே அனுமதி கேளுங்கள். தலையாட்டாவிட்டால் போனை இறக்குங்கள். அடுத்தவர் குழந்தையை மட்டும் கேட்டும் எடுக்காமல் இருப்பதே நல்லது. கியோட்டோவின் ஜியோன் பகுதியில் கெய்ஷா எனப்படும் பாரம்பரிய ஆடல் பாடல் கலைப் பெண்களைத் துரத்தித் துரத்திப் படமெடுத்ததால் 2024-ல் அங்குள்ள தனியார் சந்துகளையே பயணிகளுக்கு மூடிவிட்டார்கள். மீறினால் 10,000 யென் அபராதம்.

பேச்சில், "சம்பளம் எவ்வளவு? கல்யாணம் ஆகிவிட்டதா? ஏன் இன்னும் குழந்தை இல்லை? கொஞ்சம் உடம்பு வைத்திருக்கிறதே" இவை நான்கையும் ஊரிலேயே விட்டுவிட்டுப் போங்கள். நம்மிடம் இவை உறவு கொண்டாடும் கேள்விகள். அவர்களுக்கு அவை அத்துமீறல். வானிலை, சாப்பாடு, அவர்கள் ஊரில் பார்க்க வேண்டிய இடம் என்று ஆரம்பியுங்கள். நம்மைப் பற்றிக் கேட்டால் ஒகேனக்கலைப் பற்றிச் சொல்லுங்கள், அவ்வைக்கு அதியமான் நெல்லிக்கனி கொடுத்த தகடூர் எங்கள் ஊர்தான் என்று சொல்லுங்கள். காதலர் தினத்துக்கு ரோஜா வாங்கும் ஊராக இருந்தால் ஓசூர்ப் பக்கம் பூ வளர்ப்பதைச் சொல்லலாம்.

வியாபாரமாகப் போகிறவர்கள், மாங்கூழோ கிரானைட்டோ, ஜப்பானியர் தரும் விசிட்டிங் கார்டை இரண்டு கையாலும் வாங்கிப் படித்துவிட்டு மேசையில் வைக்க வேண்டும். பின்பாக்கெட்டில் போடுவது அவரையே மடித்து வைப்பது மாதிரி. ஜெர்மானியரிடம் ஐந்து நிமிடம் தாமதமானாலும் முன்கூட்டியே போன் செய்யுங்கள்.

எட்டாம் படி: பிள்ளைகள் வீட்டில் மாதக்கணக்கில் தங்கும் பெற்றோருக்கு

பிரசவம் பார்க்கப் போகும் அம்மாக்கள் இதை நிதானமாகப் படிக்க வேண்டும். அமெரிக்காவில் பச்சைக் குழந்தையை மடியில் வைத்துக் காரில் போக முடியாது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரும் முதல் பயணமே குழந்தைக்கான தனி இருக்கையில் பெல்ட் போட்டுத்தான். பிஞ்சு அழுகிறதே என்று மனம் துடிக்கும், ஆனாலும் வண்டி ஓடும்போது எடுக்கக் கூடாது. குழந்தையைக் குளிப்பாட்டி சாம்பிராணி போடுவது நம் வழக்கம், அங்கே கூரையில் இருக்கும் புகை அலாரம் அதற்கே அலறும். அடுக்குமாடியாக இருந்தால் எல்லாரும் படியிறங்கி வாசலில் நிற்க வேண்டி வரலாம். சாம்பிராணியை மகளிடம் கேட்காமல் போட வேண்டாம், காய்ந்த மிளகாய் தாளிக்கும்போது புகைபோக்கி விசிறியை முதலில் போடுங்கள். பேரப்பிள்ளையைப் பொது இடத்தில் ஓர் அடி கொடுத்தால்கூடப் பார்ப்பவர்கள் போலீஸைக் கூப்பிடக்கூடும். ஐந்து நிமிடம்தானே என்று குழந்தையைக் காரில் தனியாக விட்டுப் போகவும் கூடாது.

ஜெர்மனியில் இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி நேரம். ஞாயிறு முழுவதும் அப்படித்தான், மிக்ஸியில் சட்னி அரைப்பதை மற்ற நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கடைகளும் அன்று மூடியிருக்கும், அதனால் சனிக்கிழமையே பால், காய்கறி வாங்கிவிடுங்கள். பிளாஸ்டிக் பாட்டிலைக் குப்பையில் போடாமல் கடையில் இருக்கும் மெஷினில் போட்டால் ஒன்றுக்கு 25 சென்ட் திரும்பி வரும்.

ஒன்பதாம் படி: தவறு நடந்துவிட்டால்

எவ்வளவு படித்தாலும் ஏதாவது ஒன்று தவறும். எதிரில் இருப்பவர் முகம் சட்டென்று மாறினால், செய்துகொண்டிருப்பதை நிறுத்துங்கள். அந்த ஊர் மொழியில் மன்னிப்புக்கான சொல்லைச் சொல்லுங்கள்: ஜப்பானில் "சுமிமாசேன்", தாய்லாந்தில் "கோ தோட்", மலேசியாவில் "மாஃப்". பிறகு "நான் என்ன தவறாகச் செய்தேன்?" என்று கேளுங்கள், சொன்னால் விளக்கம் கொடுக்காமல் கேட்டுக்கொள்ளுங்கள். "எங்கள் ஊரில் இப்படித்தான்" என்ற பதில் அந்த நேரத்தில் எதையும் சரிசெய்யாது. குரூப்பாகப் போனால் நம்மில் ஒருவர் தவறும்போது மற்றவர்கள் சிரிக்காமல் அமைதியாக எடுத்துச் சொல்ல வேண்டும், வயதில் மூத்தவராக இருந்தால் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

விஷயம் போலீஸ் வரை போனால் வாக்குவாதம், சமாதானப் பணம் எதற்கும் முயல வேண்டாம். புரியாத மொழியில் இருக்கும் காகிதத்தில் கையெழுத்துப் போடாமல் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், இந்தியத் தூதரகத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்றும் கேளுங்கள். அந்தத் தூதரகத்தின் எண்ணை ஊரில் இருக்கும்போதே காகிதத்தில் எழுதி, ஒன்றைப் பாஸ்போர்ட்டோடு வையுங்கள், இன்னொன்றை வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள்.